வளைவுகளில் கேட்ட தம்பியின் இசை

என் தம்பி ஓர் இசைத்தொகுப்பு செய்திருந்தான். விண்வெளியை நினைத்துச் செய்தது. பாடல் கிடையாது, தாளம் கிடையாது; கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒலிகள் நீண்டு, கரைந்து, வேறொன்றாக மாறிக்கொண்டே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான்.

"ஃப்ரிட்ஜ் ஓடுற மாதிரி இருக்குடா" என்றேன். அதன்பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்போது நான் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் நர்சாக இருந்தேன். கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, தலைப்பிரசவத்துக்காரி ஒருத்திக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். ஆம்புலன்ஸில் அவளும் மாமியாரும் நானும் ஏறினோம். மூடுபனியில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. டிரைவர் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும், "இன்னும் எத்தன வளைவுங்க சிஸ்டர்?" என்றாள். பதில் சொல்ல எனக்கே பயம். அவள் கவனத்தைத் திருப்ப போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. உள்ளே இருந்தது தம்பியின் இசை மட்டும்தான். அதை ஓடவிட்டேன்.

ஜன்னலெல்லாம் வெள்ளை. வண்டி திரும்புவது உடம்புக்கு மட்டும் தெரிந்தது. இறங்குகிறோமா, மிதக்கிறோமா என்றே புரியாத நேரம் ஒன்று வந்தது. அவள் பிடி தளர்ந்தது. வலி வரும்போதெல்லாம் அந்த ஒலியின் நீளத்துக்கு மூச்சை இழுத்து விட்டாள்.

"ஏனுங்க, இதென்ன சத்தமுங்க?" என்றார் மாமியார்.

"நட்சத்திரத்துக்கெல்லாம் அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு நெனச்சு என் தம்பி பண்ணினதும்மா."

அவர் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். "அங்கயும் பனிமூட்டந்தானாட்டம் தெரியுதுங்க."

"நிறுத்தீராதீங்க சிஸ்டர்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

மலையடிவாரத்துக் காரவள்ளி வந்தபோது பளிச்சென்று வெயில். மதியத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவரும் நலம்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"முழுசா ஓடுச்சாக்கா?"

"ரெண்டு தடவ ஓடுச்சு. நீ அனுப்புன அன்னைக்கு நான் ஒழுங்காவே கேக்கலடா."

இன்னொன்று செய்துகொண்டிருப்பதாகவும் யாரிடமும் சொல்லவில்லை என்றும் மெதுவாகச் சொன்னான். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிறவரை அனுப்பு என்றேன்.