வெளியிடாமல் வைத்த கிளிகள்

என் மனைவி சாரிச் சட்டைகளில் தைக்கும் பூவேலைக்கு மாதிரிகள் வரைவாள். வெள்ளவத்தையில் இருந்தபடியே அவற்றை இணையத்தில் விற்கலாமென்று ஆசை காட்டியவன் நான்தான். அதற்கான தளத்தில் ஒரு படத்தை ஏற்றவே ஆங்கிலத்தில் பல பக்கம் விளக்கம் நிரப்ப வேண்டும். அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். விளக்கத்தில் ஒரு பிழையும் இருக்கக்கூடாதென்று திருத்தித் திருத்தி, எதையும் வெளியிடாமல் சேமித்தே வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"இஞ்சருங்கோ, ஆரும் வாங்கிச்சினமே?" என்று காலையில் கேட்பாள்.

"இன்னும் இல்லையப்பா."

"உங்கட இங்கிலீசைப் பார்த்துப் பயந்து ஓடியிருப்பினம்" என்று சிரிப்பாள்.

பிறகு கேட்பதை விட்டாள். "என்ர கீறல் ஆருக்கு வேணும்?" என்று பென்சிலையும் எடுத்து வைத்துவிட்டாள். அப்போதும் நான் விளக்கத்தைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் இறந்து சில மாதங்களில் தளத்தை எளிதாக்கினார்கள். இப்போது விளக்கம் தேவையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சேமித்திருந்த எல்லாவற்றையும் வெளியிட்டேன்.

மறுநாளே யாரோ ஒரு பெண், என் மனைவி வரைந்த கிளிகளின் மாதிரியை வாங்கியிருந்தாள். மகளின் கல்யாணச் சட்டைக்காம். இதை வரைந்தவர் புதிதாக ஏதும் வரைந்திருக்கிறாரா என்றும் கேட்டிருந்தாள்.

அந்தப் பெண் எழுதிய ஆங்கிலம் முழுக்கப் பிழை. கேட்டது எனக்கு நன்றாகவே விளங்கியது. இன்னும் பதில் எழுதவில்லை.