ஆறு பொத்தான் வெள்ளைச் சட்டை

அந்த வெள்ளைச் சட்டைக்கு ஆறு பொத்தான். கழுத்துப் பொத்தான் மட்டும் நீலம். வெள்ளையில் ஒன்று குறைந்ததால் என் பழைய கால்சட்டையிலிருந்து அம்மா வெட்டி எடுத்தது. பிள்ளைகளே, நம் கோயிலின் மிஷனரி ஞாயிறு நாடகத்தில் மலைஜனமாக நடிக்க உங்கள் இருவருக்கும் இலைப்பாவாடையும் முகத்துக்குக் கரியும் தயாராக இருக்க, மஸ்கட்டிலிருந்து போன் போட்டு நான் வேண்டாம் என்றேன். "எல்லாரும் நடிக்கிறாங்க, எங்களை மட்டும் ஏம்பா தடுக்குறீங்க?" என்று பெரியவன் கத்தினான். சின்னவன் அழுதான். போனில் எனக்குக் கோபம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சட்டையை அம்மா கைமெஷினில் மாமாவுக்காகத் தைத்தாள். மாமா நமக்குச் சொந்தக்காரர் இல்லை. உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே ஒரு காட்டு மலைக்கு மிஷனரியாகப் போனார் அல்லவா, அந்த மலையில் பிறந்தவர். கல்லைக் காட்டி, நெருப்பைக் காட்டி, தன் ஜனத்தின் பேச்சை அப்பாவுக்குச் சொல் சொல்லாகக் கற்றுக்கொடுத்தவர். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எது விஷம் என்று அம்மாவுக்குக் காட்டியவர். எனக்குக் காய்ச்சல் முற்றியபோது ஒரு பகல் முழுக்கத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரி சேர்த்தவர். இன்று நான் இருப்பதற்கு அந்தத் தோள்தான் காரணம்.

எனக்குப் பத்து வயதில், எங்களை அனுப்பிய சபைகளுக்கு மலையில் நடந்த ஊழியத்தைப் பற்றிச் சொல்ல ஊருக்கு வந்தோம். மாமாவையும் கூட்டிவந்தோம். சட்டை கசங்கிவிடும் என்று ரயிலில் இரண்டு நாளும் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர் தாண்டியதும் வெளியே பார்த்துவிட்டு, "இங்க இருந்த மலையையெல்லாம் யாருடா தூக்கிட்டுப் போனா?" என்று என்னிடம் கேட்டார். பெட்டியில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் சிரித்தோம். அந்தப் பேச்சு வேறு யாருக்குத் தெரியும்?

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சபைக் கோயில். துபாயிலிருந்து வந்தவர் ஒருவர் வீடியோ கேமராவோடு நின்றார். ஊர் முழுக்க அதைத்தான் பார்த்தது. போதகர் ஐயா மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "என்ன பிரதர் இது, தாலுகா ஆபீஸ் பியூன் மாதிரில்ல இருக்காரு! இவரப் பாத்தா யாருக்கு மனசு இரங்கும்? சட்டையக் கழட்டச் சொல்லுங்க. அப்பதான் வீடியோல எடுப்பா இருக்கும்." அந்த ஒரு நிமிஷத்தில் அப்பா முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடா தம்பி, நீ சொன்னா கேப்பாரு" என்றார்.

நான் சொன்னேன். "மாமா, சட்டையக் கழட்டணுமாம்."

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. அப்பா சொன்னாங்க."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். மாமா ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, அம்மா மடிப்பதுபோலவே மடித்து, என் கையில் வைத்தார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் செய்த மூங்கில் வில்லை அவர் கையில் திணித்து மேடையேற்றினார்கள். "இருட்டுல கிடந்த ஜனம்! நம்ம பிரதர்தான் இவங்களுக்குப் பேசவே கத்துக்குடுத்தாரு!" என்று போதகர் ஐயா முழங்க, கோயிலே ஸ்தோத்திரம் என்றது. யார் யாருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது? அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் அந்த ஊர்ப் புது ஆற்றுக் கால்வாயில் மாமா சட்டையோடு குளித்தார். அதுவரை போடாத நீலப் பொத்தானையும் சேர்த்துப் போட்டிருந்தார். "நனையுது மாமா, கழட்டிக் குடுங்க" என்றேன். "வேணாம்டா. கழட்டினா கூட்டம் கூடிரும்" என்றார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலைக்குத் திரும்பிய பிறகும் மாமாவிடமிருந்து எங்களுக்கு விறகு வந்தது, தேன் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வேதத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்த அப்பா, மன்னிப்புக்கு அவர்கள் பேச்சில் என்ன சொல் என்று கேட்டார். "அப்படி ஒரு சொல் எங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார். அது பொய். அந்தச் சொல் உண்டு. அங்குள்ள பிள்ளைகளோடு சண்டை போட்டுவிட்டு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்தார். நானும் தெரியாது என்றேன். மாமாவிடம் போய் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. இப்போது மாமா இல்லை. என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

இன்று அதே கோயிலில் கரி பூசிக்கொள்ளப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிறார்கள், செல்போனில் படம் பிடிக்க. அந்த வரிசையில் என் பிள்ளைகள் நிற்கக் கூடாது. ஊருக்கு வரும் நண்பரிடம் உங்கள் இருவருக்கும் வெள்ளைச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். யாராவது ஏன் நடிக்கவில்லை என்று கேட்டால், மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள். கழுத்துப் பொத்தானையும் விடாமல் போடுங்கள். அதை மட்டும் நீலமாக மாற்றித் தைத்திருக்கிறேன்.