வாலு எழுத்தில் வந்த சாவுச் செய்தி

விஜயா இறந்த செய்தி விஜயாவின் கையெழுத்திலேயே எனக்கு வந்தது.

நம் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவசரத்தில் செய்த அட்டை அது. 'ஆழ்ந்த அஞ்சலி' என்ற சொற்கள் பிறந்தநாள் வாழ்த்துபோலத் துள்ளிக்கொண்டு நின்றன. அவர் கைப்பேசியில் இருந்த ஒரே அலங்காரத் தமிழ் எழுத்துரு அதுதான் போலிருக்கிறது. அது யாருடைய கை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெஹாலா பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

டாலிகஞ்சில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் அவளுக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை. ஓர் அப்பளக் கம்பெனி, வீட்டில் எழுதியது போன்ற எழுத்து வேண்டும் என்று கேட்டது. விஜயா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தள்ளினாள். ஒரு பக்கம் முழுக்க 'அ'. ஒன்று கூன் போட்டிருக்கும், இன்னொன்றுக்குத் தொப்பை. எழுத்துருவாக்கிக் கணினியில் ஏற்ற நான் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன்.

"மத்ததெல்லாம் என்னடி பாவம் பண்ணித்து?" என்றாள். எழுத்துருவுக்கு 'வாலு' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அப்புறம் வாலு எங்கள் பிடியில் நிற்கவில்லை. கேக் டப்பா, கொலு அழைப்பு, ஊறுகாய் பாட்டில் என்று எங்கு பார்த்தாலும் அதுதான். "நான் போகாத ஆத்துக்கெல்லாம் என் கை போயிட்டு வரது" என்பாள். அப்போது சிரித்தேன். அவளை எரித்துவிட்டு வரும் வழியில், மெஸ் வாசலில் 'இன்று வெங்காய சாம்பார்' என்று அதே கை சொன்னது. எனக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய அம்மா சாந்த்ராகாச்சியில் மகன் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தவர் என்பதால் அழைத்து வரவில்லை; மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. நான் போனபோது அந்த அஞ்சலி அட்டையின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருந்தார்.

"அவளே எழுதியிருக்காளே. அப்புறம் எப்படி இல்லேங்கறேள்?"

"இதையேதான் சொல்லிண்டிருக்கா. அழவும் மாட்டேங்கறா, சாப்பிடவும் மாட்டேங்கறா" என்றார் விஜயாவின் அண்ணன்.

"மாமி, அது கம்ப்யூட்டர் எழுத்து. நான் தட்டினாலும் வரும்."

"எங்கே, தட்டு."

'அம்மா, சாப்பிடு' என்று கைப்பேசியில் வாலு எழுத்துருவில் தட்டினேன். விஜயா சொல்வதுபோலவே திரையில் வந்து நின்றது. என் விரலைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

மாமி கைப்பேசியை வாங்கி அட்டையின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த 'அ'வும் அந்த 'அ'வும் அப்படியே ஒண்ணா இருக்கு" என்றார். "அவ எழுதினா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதே."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "போயிட்டாளா?"

தலையசைத்தேன். அப்போதுதான் அழுதார். அன்று மாலை இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டார்.

விஜயாவை அறிந்தவர்களே, அவள் கை இனியும் உங்கள் வீட்டுக்கு வரும். என்னிடம் அந்தக் காலண்டர் தாள் இருக்கிறது. நான் வேண்டாம் என்று ஒதுக்கிய 'அ'க்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எதற்கும் எதுவும் ஜோடியில்லை. அவற்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.