கிழித்துப் போட்ட கடவுச்சொல்

மகன் வெளிநாட்டுக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே தூறல். ஒரு நாள் கடையை மூடிவிட்டு வழியனுப்ப வரும்படி அவன் எவ்வளவோ கெஞ்சியும் பூட்டக்கா மசியவில்லை. மதியத்துக்குள் சாவி வேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாசலில் வாடகைக் கார் நிற்க, கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்காமலே மகனோடு பேசினாள்.

பூட்டக்கா என்பது அவள் பெயரில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெரு அவளை அப்படித்தான் கூப்பிட்டது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற தொழில். அவன் போனபின் கடை அவள் தலையில் விழுந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். எந்தக் கதவானாலும் இரண்டு கம்பியை வைத்துக் கீறல் விழாமல் திறந்துவிடுவாள். பூட்டை உடைப்பது அவளைப் பொறுத்தவரை தோற்றுப்போவது.

“கடையோட பாஸ்வேர்டும்மா. பத்திரமா வச்சுக்கோ” என்று மகன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். போனிலிருக்கும் வரைபடத்தில் கடையை ஏற்றியவன் அவன்தான். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் வெளியே நின்றபடி போனில் தேடுவார்கள். கடை தெரியும், எண் தெரியும், அடுத்த நிமிடம் பூட்டக்காவின் போன் அடிக்கும். முக்கால்வாசிப் பிழைப்பு அதில்தான் ஓடியது.

“எனக்கெதுக்குடா? நீயே மனசுல வச்சுக்க.”

“நான் மறந்துட்டா?”

“செஞ்சு கொடுத்த சாவிக்கு நகல் கடையில இருக்கக் கூடாது. உங்கப்பா சொல்லிட்டுப் போனது. இருந்தா எவனாவது ஒருநாள் எடுப்பான். இதுவும் சாவிதானே?”

சொன்ன கையோடு சீட்டை நான்காகக் கிழித்துப் பித்தளைத் தூள் விழும் டப்பாவில் போட்டாள். “உன்னைத் திருத்தவே முடியாது” என்று மகன் அவள் தலையைப் பிடித்துச் செல்லமாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் காரில் ஏறினான். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டான். வரைபடத்தில் கடையின் கணக்கு அந்தப் பழைய எண்ணோடு கட்டிக் கிடந்தது அவனுக்கு ஞாபகமில்லை. அவளுக்கு அது தெரியவே தெரியாது.

மூன்று மாதத்தில் போன் அடிப்பது நின்றுபோனது.

“ஊர்ல எல்லாரும் சாவியைக் கழுத்துல கட்டிட்டுத் திரியறாங்க போலக்கா” என்றார் பக்கத்து ஜெராக்ஸ்காரர். அவளும் சிரித்தாள். ஆறு நாள் யாரும் வராத பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரு காலையில் ஈரத்தலையும் வீட்டுச் செருப்புமாக ஒரு பெண் கடை வாசலில், பெயர்ப்பலகைக்கு நேர் கீழே வந்து நின்றாள். காதில் போன்.

“ஆமாங்க, கடை வாசல்லதான் நிக்கறேன். ஒரு மணி நேரமா? சரி, அனுப்புங்க.”

“என்னம்மா, கதவு சாத்திக்கிச்சா? வா, நான் திறந்து தரேன்” என்று பூட்டக்கா கம்பிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இல்லைங்க, கடைக்குப் போன் பண்ணிட்டேன். ஆள் வராங்க.”

“இதுதாம்மா அந்தக் கடை.”

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பூட்டக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். “பேர் ஒண்ணுதான். ஆனா போர்டுல வேற நம்பர் இருக்கே?”

“அதுதான் என் நம்பர்.”

“போன்ல இருக்கறதுதானே சரியா இருக்கும்?” என்றவள், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் துளையிடும் இயந்திரத்தோடு வந்தான். எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பூட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது நாலு நிமிட வேலை. சாயங்காலம் ஜெராக்ஸ்காரர் தன் கணினியில் காட்டினார். கடையின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு நட்சத்திரம். ‘நல்ல பூட்டை உடைத்துவிட்டார்கள். யாரும் போகாதீர்கள்.’

“வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற கம்பெனி ஏதோ உங்க நம்பரை எடுத்துட்டு அவங்க நம்பரைப் போட்டிருக்காங்கக்கா” என்றார் அவர். “யார் வேணா ‘இந்த எண் தப்பு’ன்னு எழுதிப் போடலாமாம். நாலு பேர் எழுதினா மாத்திடுவாங்களாம்.”

“என் கடைக்கு வந்து என்னைக் கேக்க மாட்டாங்களா?”

“கேட்டிருப்பாங்க. உங்க பையன் பழைய நம்பர்ல.”

மகன் அங்கிருந்து முட்டிமோதிப் பார்த்தான். கடவுச்சொல் அவனுக்கு மறந்திருந்தது. புதிதாகக் கடையை ஏற்றினால், ‘இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு கடை உள்ளது’ என்று பதில் வந்தது. கடை வாசலை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். ‘கணக்கின் உரிமையாளர் அனுப்ப வேண்டும்’ என்று வந்தது. புகார் எழுதினார்கள். நன்றி வந்தது.

ஒரே வழிதான் பாக்கி. பழைய எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பச் சொல்லி, அந்த எண்ணை இப்போது வைத்திருப்பவரிடம் கேட்பது. ஜெராக்ஸ்காரர் கணினியில் அழுத்தினார். பூட்டக்கா மகனின் பழைய எண்ணை மனப்பாடமாக அழைத்தாள். ஒரு ஆண் குரல் எடுத்தது.

“தம்பி, இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்கப்பா. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

மறுமுனையில் சிரிப்பு. “காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களாம்மா?”

“என்ன தம்பி?”

“போன வாரம் ஒருத்தர் பேங்க் மேனேஜர்னார். நீங்க யாரு?”

“பூட்டுக் கடை.”

“பரவாயில்லையே, புதுசா இருக்கு! யாருக்கும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்கும்மா. உங்க வயசுக்கு இந்த வேலை வேணாம்.”

“ஐயோ, அது என் கடைப்பா. நேர்ல வேணா வந்து பாரு...”

வைத்துவிட்டான். மூன்று முறை முயன்றாள். பிறகு அவள் எண்ணையே தடுத்துவிட்டான். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அதை யார் மேல் காட்டுவது? முகம் தெரியாத ஒருத்தி போனில் கூப்பிட்டு, ‘பூட்டு என்னுதுதான், சாவியைக் கொடு’ என்றால் அவள் மட்டும் கொடுத்திருப்பாளா? அவன் செய்தது சரி என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கம்பெனியிலிருந்தே ஒரு பெண் அவளை அழைத்தாள்.

“மேடம், உங்க ஏரியாவில ஆள் பத்தலை. நீங்க சாவி வேலை செய்வீங்களாமே? உங்க கடையிலிருந்து ரெண்டு நிமிஷத்துல ஒரு வீடு இருக்கு.”

“அவங்க எந்தக் கடையைக் கேட்டுப் போன் பண்ணாங்கம்மா?”

அந்தப் பெண் திரையைப் பார்த்துக் கடையின் பெயரை வாசித்தாள்.

“அது என் கடைம்மா.”

“சிஸ்டத்துல அப்படி இல்லை மேடம்.”

மூன்று முறை முடியாது என்றாள். நான்காம் முறை கடை வாடகைக்கு வழியில்லை. போனாள். கீறல் விழாமல் திறந்தாள். வீட்டுக்காரர் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். பிறகு வேலையோடு மஞ்சள் சட்டையும் வந்தது. நீளமாக இருந்த சட்டைக் கையை மடக்கி விட்டுப் போட்டுக்கொண்டாள்.

“பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டீங்களாக்கா?” என்று ஜெராக்ஸ்காரர் கிண்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவரும் அந்தச் சட்டையைப் பற்றிப் பேசவில்லை.

மகன் போய்ப் பதினாலு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அவள் யாரோ ஒருவர் வீட்டுக் கதவின் முன் மண்டியிட்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. மகனின் பழைய எண்ணிலிருந்து. கம்பியை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் திறந்து படித்தாள்.

‘அம்மா, நீங்க நிஜமாவே பூட்டுக் கடைதான் போல. அன்னைக்குக் கிண்டல் பண்ணினதுக்கு மன்னிச்சிடுங்க. இது எனக்கு வந்துச்சு, அனுப்பறேன். வியாபாரம் நல்லாப் போகுது போல, சந்தோஷம்.’

அதற்குக் கீழே அவன் அனுப்பியிருந்தது:

‘வாழ்த்துகள்! சென்ற மாதம் 214 பேர் உங்கள் பூட்டுக் கடையை அழைத்தார்கள்.’