சந்தனப் பொட்டு வைத்த நாவல்

என் வீட்டுக்காரர் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் நாவல்களின் முதல் பதிப்புகளாகப் பார்த்துச் சேர்ப்பார். கண்ணாடி அலமாரி நிறைய அவைதான். ஒவ்வொன்றின் மேலட்டைக்கும் பிளாஸ்டிக் உறை. நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. முன்பக்கத்தில் எண்கள் வரிசையாக இருக்கும், அதில் 1 என்ற எண் இருந்தால் முதல் அச்சு என்பது மட்டும் அவர் சொல்லித் தெரியும்.

சரஸ்வதி பூஜைக்குப் பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகம், பஞ்சாங்கம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். அவர் புத்தகம் ஒன்றையாவது சேர்த்து வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கேட்டால் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"அட்டைல ஒரு பொட்டுப் பட்டாலும் போச்சு புள்ள."

போன ஆடியில் அவிநாசி கோயிலுக்குப் போய்த் திரும்புகையில், கோயம்புத்தூரில் அவர் வழக்கமாகப் போகும் பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தோம். அவர் மேல்தட்டைத் துழாவ, நான் சும்மா இராமல் தரையில் கிடந்த புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எண் வரிசையில் 1 இருந்தது. அவரிடம் நீட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பல வருஷமாகத் தேடியதாம். புத்தகத்தை மூடி, மேலட்டையைப் பார்த்தார். நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஆரோ பூஜைல வெச்சுப்போட்டாங்க சார். ராசியான புத்தகமுங்க," என்று கடைக்காரர் சிரித்தார்.

"ராசிய வெச்சு நான் என்ன பண்றது?" என்று கட்டின்மேலேயே வைத்துவிட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

கடைகளில் நான் வாய் திறப்பதில்லை. சேலை எடுக்கப் போனாலும் அவர் காதில்தான் சொல்வேன். அன்று எப்படியோ குரல் வந்துவிட்டது.

"ஏனுங்க, உங்குளுக்கு வேண்டாட்டி எனக்கு வாங்கிக் குடுங்க. பூஜைக்கு வெச்சுக்கறேன்."

"அம்மாவும் சேர்க்க ஆரம்பிச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க சார்!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாசலில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் புத்தகம் அவர் மடியில்தான் இருந்தது. "உன்னுதுதான். படிச்சுப்போட்டுத் தாரேன்," என்றார்.

பூஜையன்று பார்த்தால் அதற்கும் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரிக்குள் வைத்திருந்தார். வழக்கம்போலப் பூட்டும் போட்டிருந்தார்.

"ஏனுங்க, என்ற புத்தகம்?"

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உறையை அவரே கழற்றிச் சாமி முன்னால் வைத்தார். நான் சந்தனத்தைக் குழைக்கக் குழைக்கப் பக்கத்திலேயே நின்றார்.

"பழைய பொட்டு மேலயே வெய்யி. அங்க இங்க சிந்திப்போடாத."

சரியாக அதன்மேலேயே வைத்தேன்.