அண்ணன் பேரில் ஏறிய கோடு

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் ஜீப்பில் எத்தனை மூட்டை காரட் ஏற்றப்போகிறோம் என்று மூணாறு பக்கத்து மலை ஊரான வட்டவடை விவசாயிகள் போனிலேயே பதிகிற வலைப்பக்கம் அது. கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தபடியே நானும், பக்கத்து ஊர்க்காரரான என் சீனியரும் ஒரு கம்பெனிக்காக அதைச் செய்தோம். வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்த அண்ணன் இல்லாத குறை தீர்ந்தது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டவள் நான்.

பக்கம் ஊர்ந்தது. "பன்னெண்டுன்னு அடிச்சா ஒண்ணுலயே நிக்குதும்மா" என்று ஒரு விவசாயி போனில் கத்தினார். ஒருவர் ஓர் எண்ணைத் தட்டினால், திரையில் ஆளுக்கொன்றாக இருந்த ஊரில் உள்ள அத்தனை பேரின் வரிகளும் வீணாக மறுபடி வரையப்பட்டன. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தட்டும் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றச் சொல்லும் ஒரு ஃபங்ஷன், அதாவது கட்டளைத் துண்டு, புதிதாக உண்டாகி எல்லா வரிகளுக்கும் போனது. உடனே எல்லா வரிகளும் தாங்களும் மாறிவிட்டதாக நினைத்தன. அதை ஒரே முறை உண்டாக்கி வைத்து, மாறாத வரியைத் தொடாதபடி எழுதினேன். அந்தப் புரோகிராமின் மேலே ஒரு குறிப்பு: "சும்மா இருக்கறவங்கள எழுப்பாதே."

இப்படி எழுதும் புரோகிராமைத்தான் கோடு என்போம்; அதைக் கம்பெனிக் கணக்கில் ஏற்ற எனக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அண்ணனுடைய லாகினிலேயே ஏற்றினேன். "எம் பேருல போனா என்ன அம்முணி, நம்ம வேலதானே" என்றார். அட, அண்ணன்தானே என்று விட்டுவிட்டேன்.

டீம் லீட் யாரென்று முடிவாகும் மீட்டிங் வந்தது. அந்த இடம் உனக்குத்தான் என்று அண்ணனே பலமுறை சொல்லியிருந்தார். அன்று அவர் திரையைப் பகிர்ந்து ஓர் எண்ணைத் தட்டினார். மறுபடி வரையப்பட்ட ஒரே ஒரு வரி மட்டும் பச்சையாக மின்னியது. "மூணு வாரம் தூங்கலீங்க சார்" என்றார். என் குறிப்பையும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். பாவி! எல்லோரும் கைதட்டினார்கள்.

மைக்கைத் திறந்து எங்கள் மேலாளரிடம் சொன்னேன். "அது நான் எழுதினதுங்க சார்." மேலாளர், யார் எதை ஏற்றினார்கள் என்று காட்டும் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தார். வரிக்கு வரி அண்ணனின் பெயர்தான். லீட் பதவியும் அவருக்கே போனது.

அடுத்த வாரம் அவர் அந்தப் புரோகிராமில் எதையோ மாற்றப்போய், விவசாயிகள் மூட்டைக் கணக்கைத் திருத்தினாலும் பழைய எண்ணே நின்றது. போன் வந்தது. "அம்முணி, கொஞ்சம் பாத்துக் குடு. எனக்கு ஒண்ணுமே புரியல."

"ஏனுங்க சார், உங்க பேருல இருக்கறதுதானுங்களே" என்றேன். அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.