கறுப்பு வளையம் போட்ட கல்

சிதம்பரத்தில் என் கிரானைட் கடை மேசையில், பில் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம். சாம்பல் நிறம், நடுநடுவே சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டையும் சுற்றிக் கறுப்பு வளையம். "சாமிக் கல்லா?" என்று கேட்பார்கள். ஆமாமென்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் என்பதால், மாமா கல் என்று உண்மையையே சொல்லிவிடுவேன்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். செம்மண்டலத்தில் குடியிருந்துகொண்டு, பாறைகளைப் பற்றி டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்தார். கல்லைக் கையில் எடுத்தால் ஒரு நக்கு நக்கிவிட்டுத்தான் லென்ஸை வைப்பார். ஈரம் பட்டால்தான் உள்ளே இருக்கும் கனிமம் பளிச்சென்று தெரியுமாம். கர்மம், பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வாசற்படியை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்த மனிதர். அக்கா அதற்குப் பிறகும் சம்மதித்தாள்.

வேப்பூர் பக்கம் ஓர் ஏரிக்கரையோரம், பாதி மண்ணில் புதைந்த பாறையிலிருந்து உடைத்ததுதான் இந்தத் துண்டு. சிவப்புப் பொட்டு கார்னெட். பூமியின் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாவது. பாறை வேகமாக மேலே வந்தால் கார்னெட்டின் ஓரம் சிதைந்து இப்படி வளையம் விழும் என்பார். சுற்றியிருந்த பாறைகளின் கார்னெட்டில் வளையமே இல்லை. அப்படியானால் வெவ்வேறு வரலாறு கொண்ட இரண்டு நிலத்துண்டுகள் இங்கே வந்து ஒட்டியிருக்கின்றன என்று எழுதினார். அவருடைய பேராசிரியர் துள்ளிக் குதித்தார். பட்டம் கையில் வந்ததும் கல்லூரி வேலை என்று பேச்சும் ஆகிவிட்டது. அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

கோடையில் ஏரி வற்றியதும், கடைசியாக ஒரு போட்டோ எடுக்கலாமென்று என் வண்டியில் போனோம். பாறை முழுசாகத் தெரியட்டுமென்று கடப்பாரையால் மண்ணைத் தள்ளினோம். அடிப்பக்கத்தில் வரிசையாக டிரில் போட்ட தடம். குவாரியில் உடைத்து, கரை கட்ட லாரியில் ஏற்றிவந்த கல்! மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூடிடலாம் மாமா. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்றேன்.

"கல்லு பொய் சொல்லல மச்சான். அதோட கதை நெஜந்தான். இந்த ஊரு கதை இல்ல, அவ்ளோதான்" என்றார்.

மறுநாளே பேராசிரியரிடம் சொல்லிவிட்டார். ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து, வேலை வேறொருவருக்கு. பட்டம் தாமதமாக வந்தது. பிறகு ஒடிசாவில் ஒரு சுரங்கத்தில் சேர்ந்து, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் கடையில் இந்தக் கல்லை எடுத்து ஒரு நக்கு. "இது எந்த ஊருக் கல்லுன்னே தெரியாமப் போயிடும் போல" என்பார்.

நேற்று வந்த லோடில், பாலிஷ் போடாத ஸ்லாப் ஒன்றில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. ஆள் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, நானும் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். கறுப்பு வளையம். மாமா கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல். டிரைவரைக் கேட்டால் செஞ்சிப் பக்கத்துக் குவாரி என்றார்.

போனில் சொன்னேன். செஞ்சியா, செஞ்சியா என்று இரண்டு தரம் கேட்டார்.

"அத மட்டும் வித்துடாத மச்சான். நைட் ரயில் ஏறுறேன்" என்றார்.

அடுப்பு மேடைக்கு அதைக் கேட்டு வந்தவரிடம் விரிசல் இருக்கிறதென்று சொல்லி அனுப்பினேன். மாமா கல் இப்போது மேசையில் இல்லை. அந்த ஸ்லாப்பின் மேல் வைத்திருக்கிறேன். பில்லெல்லாம் பறக்கிறது.